இடது முட்டிக்கு மட்டும் ரோபோ

ஒத்தக்கடையிலும் சுற்றுப்பட்டிகளிலும் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். முட்டி மாற்றியவர்களின் காலைப் பார்த்ததும், அது வழக்கமான முறையில் செய்ததா ரோபோ வைத்துச் செய்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். நடு முட்டியில் ஓடும் நீளத் தையல் இரண்டிலும் உண்டு. ரோபோ என்றால் அதற்கு நாலு விரற்கடை கீழே, முன்னெலும்பின் மேல், பொட்டு வைத்தது போல இரண்டு தழும்பு இருக்கும். சிலருக்குத் தொடையிலும் இரண்டு. சில டாக்டர்கள் அந்தத் துளைகளையும் பெரிய கீறலுக்குள்ளேயே போட்டுவிடுவதால் நான் ஏமாந்ததும் உண்டு.

நரசிங்கம் போகிற வழியில், ஆனைமலையைப் பார்த்தாற்போல வீடு உள்ள ஒரு பெரியம்மாவுக்கு அந்தப் பொட்டுகள் இடது காலில் மட்டும். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சோறு வடித்தவர். வலது முட்டியை ஆறு வருடத்துக்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் மாற்றினார்கள், கைக்காசு போகவில்லை. இடது முட்டி போன வருடம், மகன் சேமிப்பில், தனியார் மருத்துவமனையில். ரோட்டோர விளம்பரப் பலகையைப் பார்த்துத்தான் மகன் முடிவெடுத்தார்.

"வலது காலு டாக்டரு செஞ்சது தம்பி, இடது காலு மிசினு செஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் இரண்டையும் நீட்டிக் காட்டுவார்.

"மிசினு செய்யலைம்மா. மிசினை வச்சுக்கிட்டு டாக்டருதான் செஞ்சாரு" என்று நானும் விடாமல் சொல்வேன். 'எந்திரன்' சிட்டி பிரசவம் பார்த்ததைத் திரையில் கண்ட ஊர் இது; சொன்னால் யார் நம்புகிறார்கள்?

முட்டி மாற்று என்கிறோமே தவிர, முட்டியைக் கழற்றி எறிவதில்லை. தொடையெலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் தேய்ந்த பரப்பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சீவியெடுத்து, உலோகத் தொப்பி மாட்டி, நடுவில் பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். எந்தக் கோணத்தில் சீவுவது என்பதில்தான் வித்தை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நூல் பிடித்தால் அது முட்டி நடுவே ஓட வேண்டும், 3 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது நெடுநாள் கணக்கு. வழக்கமான முறையில் அந்தக் கோணத்தைப் பிடிக்கத் தொடையெலும்பின் மஜ்ஜைக்குள் நீளமாக ஒரு கம்பியைச் செலுத்துவார்கள்.

ரோபோவில் அந்தக் கம்பி இல்லை. அதற்குப் பதில் எலும்பில் ஊசிகளை முறுக்கி, அவற்றின் மேல் ஒரு சின்னச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். பொட்டுத் தழும்பு வருவது இதனால்தான். கால் எந்தப் பக்கம் அசைந்தாலும் அகச்சிவப்புக் கேமரா அந்தச் சட்டத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுகொள்ளும். சில இயந்திரங்களுக்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். சிலவற்றில் டாக்டர் எலும்பைக் குச்சியால் தொடத் தொட கணினி அங்கேயே படம் வரைந்துகொள்ளும். காலை மடக்கி நீட்டி, தசைநார் எங்கே இறுக்கம், எங்கே தொய்வு என்று திரையில் பார்த்து, எவ்வளவு சீவுவது என்று டாக்டர் முடிவு செய்கிறார். அதன்பின் ரம்பம் அந்த எல்லையைத் தாண்டப் பார்த்தால் கருவி விடாது. எலும்பைத் தானே செதுக்கும் வகையும் உண்டு. அப்போதும் நிறுத்தும் பொத்தான் டாக்டர் கையில். தோலைக் கீறுவது, தசையை விலக்குவது, சிமென்ட் வைப்பது, தைப்பது எல்லாம் எப்போதும் போல மனிதர் வேலை.

இதையெல்லாம் நான் விளக்கி முடித்தபோது பெரியம்மாவின் வீட்டுக்காரர், பழைய கொத்தனார், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ரசமட்டந்தானே தம்பி? மட்டம் வச்சா செவரு நேரா வரும். கலவை சரியில்லேனா மட்டம் என்ன செய்யும்?" வேறு வீடுகளில் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

ரசமட்டம் இல்லாமல் முடியாத சுவரும் இருக்கிறது. மேலூர் ரோட்டில் பைக் விபத்தாகித் தொடையில் பிளேட் வைத்த ஒருவருக்குப் பின்னாளில் முட்டி தேய்ந்தது. பிளேட்டும் திருகுகளும் அடைத்துக்கொண்டிருக்கிற எலும்புக்குள் கம்பியை எப்படி விடுவது? அவருக்கு ரோபோ கை கொடுத்தது. எலும்பு கோணிக் கூடியவர்களுக்கும், முட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் துல்லியம் பெரிய விஷயம். இவர்கள் கூடுதல் பணம் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெரியம்மாவுக்கு அப்படி எந்தச் சிக்கலும் இல்லை. முதல் வாரம் இடது காலில் வலி குறைவு என்றார். வலது காலின்போது அழுததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் நம்புகிறேன். மூன்றாம் மாதம் கோணமானி வைத்து அளந்தேன். இரண்டு முட்டியும் ஒரே அளவுதான் மடங்கின. கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னால் இரண்டு காலுக்கும் வித்தியாசம் அவருக்கே தெரியவில்லை.

ஒரு ஆள், இரண்டு கால். இது ஆராய்ச்சி ஆகாது. தென்கொரியாவில் செய்தது ஆராய்ச்சி. 1,400 பேருக்கு மேல் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ரோபோ, பாதிப் பேருக்கு வழக்கமான முறை. குறைந்தது 10 வருடம் பின்தொடர்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நடையிலும் வித்தியாசம் இல்லை, மூட்டு எத்தனை காலம் உழைத்தது என்பதிலும் இல்லை. அது பழைய தலைமுறை இயந்திரம் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய கருவிகள் கோணத்தைத் தவறாமல் பிடிக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. கோணம் சரியாக இருப்பதால் 15 வருடம் கழித்து என்ன லாபம் என்பது தெரியத்தான் இன்னும் பல வருடம் ஆக வேண்டும்.

அந்தப் பழைய இயந்திரத்தின் பெயர் ரோபோடாக். நாய்களுக்கு இடுப்பு மாற்றிப் பார்த்துவிட்டு, 1992-ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் மனிதருக்குப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனி அதை அள்ளிக்கொண்டது. கொஞ்ச வருடத்தில் தசை சேதம், நரம்பு சேதம், நொண்டி நடை என்று நோயாளிகள் வழக்குக்கு வரிசை கட்டினார்கள். இங்கே உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடும் வக்கீல் ஒருவருக்கு நான் தோள்பட்டை சிகிச்சை பார்த்தபோது, 2006-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்குப் போட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஆனால் புது முறை என்றால், இன்னும் யாருக்கும் தெரியாத ஆபத்தும் அதில் இருக்கலாம் என்பதை டாக்டர் முன்பே சொல்லியாக வேண்டும் என்று நீதிபதிகள் எழுதிவிட்டார்கள். நம் ஊர் விளம்பரப் பலகை எதிலும் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

தெரிந்த ஆபத்தே சில உண்டு. ஊசி போட்ட துளை வழியாக எலும்பு முறிவது அபூர்வம், ஆனாலும் நடக்கிறது. ஒரு அம்மாவுக்குத் தையல் ஆறிய பிறகும் அந்தத் துளையில் மூன்று வாரம் நீர் கசிந்தது. டாக்டர் கை பழகும் வரை ஆபரேஷன் நேரம் கூடும். சில கருவிகள் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் மூட்டை மட்டுமே ஏற்கும்.

பணத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை வைத்தது: சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அந்த உச்ச விலை மூட்டுக்குத்தான். ரோபோ கட்டணத்துக்கு இல்லை. பில்லில் அது தனி வரியாக வருகிறது, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுகிறது. கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கியவர்கள் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ரோபோ சிகிச்சையை அடியோடு விலக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. ஆனால் அதற்குத் தனி வரம்பு வைக்க இடம் கொடுத்தது. பாலிசியில் அந்த வரம்பைத் தேடிப் பாருங்கள்.

பெரியம்மா மூன்றாம் மாதம் ஒரு கேள்வி கேட்டார். "மிசினு வச்சதுதானே, இனிமே குத்தவச்சு அருவாமனையில காய் நறுக்கலாமா தம்பி?" கூடாது என்றேன். முகம் விழுந்துவிட்டது. உள்ளே இருப்பது அதே உலோகம், அதே பிளாஸ்டிக். சப்பணம் போடுவது, குத்தவைப்பது, தரையில் உட்கார்ந்து எழுவது இவற்றையெல்லாம் குறைக்கச் சொல்வது எந்த முறைக்கும் பொது. மகன் கடன் வாங்காத குறையாகக் கட்டிய பணத்தில் அம்மா எதிர்பார்த்தது இந்த ஒன்றைத்தான். அதை முன்கூட்டியே யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நாள் குறிப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: என் காலில் ரோபோ தேவைப்படும்படி என்ன கோளாறு? இந்த இயந்திரத்தில் நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? பதில் தெளிவாக வந்தால் செய்துகொள்ளுங்கள். இழுத்தால், கை தேர்ந்த டாக்டரிடம் வழக்கமான முறையே போதும். எதுவானாலும் ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பிருந்தே தொடைத்தசைக்குப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். ஒரு நாற்காலி போதும். உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள்.