முறைக்காய்ச்சலும் நிலவேம்பும்

மாரி காலத்தில் குளிர் நடுக்கம் வந்தால், நிலவேம்போடு கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு போட்டு அவித்துக் குடிப்பது வன்னியில் பழகிய வைத்தியம். “அம்மம்மா காலத்திலிருந்து குடிக்கிறம், காய்ச்சல் விட்டதுதானே” என்பார்கள். அந்த “விட்டதுதானே”யை ஆறுதலாகப் பார்ப்போம்.

அம்மம்மா காலத்து வன்னி மலேரியாப் பூமி. விவாக்ஸ் வகை மலேரியா ஒருநாள் ஆளைப் போட்டு உலுப்பும். வியர்த்துக் கொட்டியதும் விடும். மறுநாள் எழுந்து நடமாடலாம். 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நடுக்கம் திரும்பும்; முறைக்காய்ச்சல் என்றது அதைத்தான். நடுக்கிய அன்று கசாயம் கொடுத்தால் மறுநாள் காய்ச்சல் இராது. கொடுக்காவிட்டாலும் இராது! கொடுத்தவர் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். அது மருந்தின் வேலையா, நோயின் போக்கா என்றறிய, குடித்தவர்களோடு குடிக்காதவர்களையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 33 பரிசோதனைகளில் பங்கெடுத்த 7,000க்கு மேற்பட்டோரின் விபரங்களை ஆராய்ந்தது. இருமலுக்கும் தொண்டை நோவுக்கும் நிலவேம்பு ஓரளவு சுகம் தருகிறது என்பது முடிவு. பல பரிசோதனைகளின் தரம் போதாது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் டெங்குக் காலத்தில் அரசே கொடுத்த நிலவேம்புக் குடிநீருக்கு ஆய்வுகூடச் சான்று உண்டு. ஆனால் ஆய்வுகூடத்தில் வைரஸை அடக்குவது நோயாளியைக் காப்பாற்றுவது ஆகாது.

மூலிகை என்பதற்காகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சீனத்தின் 4ஆம் நூற்றாண்டு நூலொன்று, காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. அவிக்கச் சொல்லவில்லை. 1970களில் மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூ அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது.

இங்கே மலேரியா போய்விட்டது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இரத்தப் பரிசோதனை, மாத்திரை, நுளம்பு வலை, மருந்தடிப்பு ஆகியவை சாதித்தது அது. இன்றைய நடுக்கம் டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். எலிக்காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் பிந்தினால் சிறுநீரகம் பழுதாகலாம். தடிமனுக்குக் கசாயம் குடியுங்கள், கர்ப்பிணிகள் குடிக்க வேண்டாம். வயலில் நின்றவருக்கு நடுக்கத்தோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வயலில் நின்றதைச் சொல்லுங்கள். குடித்த கசாயத்தையும் மறைக்காதீர்கள்.