பாயும் பூவும் போதுமே!

“என்ன மாமி, வீட்டைக் காலி செய்கிறீர்களா?”

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. ஹாலில் ஸோபா இல்லை, ஷோகேஸ் இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகள் இல்லை. தரையில் இரண்டு கோரைப் பாய்கள். ஜன்னலில் மூங்கில் தட்டி. ஒரு மூலையில் பித்தளைச் செம்பில் ஒற்றைச் செம்பருத்தி. அவ்வளவுதான்!

“காலி செய்யவில்லை, இதுதான் எங்கள் வீட்டு அலங்காரம். ஜப்பானிய முறை!” என்று சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வாசகிகளிடம் மறைப்பானேன்? இதை எங்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது ஜப்பான் அல்ல, அடையாறு!

ஆறு செய்த அலங்காரம்

2015 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் பேட்டைக்காரர்கள் மறக்க முடியுமா? எங்களுடையது தரைத்தளம். தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால், தவணையில் வாங்கிய ஸோபா சேறு குடித்துக் கிடந்தது. மெத்தைகள் நாறின. பிளைவுட் அலமாரி அப்பளமாக உப்பியிருந்தது. பிழைத்தவை பரணில் கிடந்த பாய்களும், மாமியாரின் தேக்குப் பெட்டியும், அவருடைய சீர்ச் செம்பும்தான்.

வீடு கழுவ உதவிக்கு வந்தான் என் தம்பி. வேலை நிமித்தமாக ஒஸாகாவில் சில மாதங்கள் இருந்தவன். சுத்தமான வெறும் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, “அக்கா, இப்போதுதான் வீடு அழகாக இருக்கிறது. ஒன்றும் வாங்காதே!” என்றான். எனக்குக் கோபம் வந்தது. வயிறு எரிகிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

அவன் விளக்கிச் சொன்னதும் கோபம் தணிந்தது. பழைய ஜப்பானிய வீட்டில் தரையே ஆசனம், தரையே படுக்கை. அங்கே விரிக்கும் டாடாமி என்ற பாய், வைக்கோலை அழுத்தி, மேலே ஒருவகைக் கோரையால் நெய்து போர்த்தியது. ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டு அங்குலக் கனம். அறையின் அளவையே ‘நாலரைப் பாய் அறை’, ‘ஆறு பாய் அறை’ என்றுதான் சொல்வார்களாம். ஆறு பாய் என்றால் சுமார் பன்னிரண்டுக்கு ஒன்பது அடி. ஏறக்குறைய எங்கள் ஹால்! காலையில் மெத்தையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டால், இரவின் படுக்கையறை பகலில் கூடமாகிவிடும். பாய் சுருட்டி வைத்த நம் பாட்டிமார்களும் இதைத்தானே செய்தார்கள்?

ஒரே ஒரு பூ

அந்த அறையில் டோகோனோமா என்று ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு சித்திரச் சுருள், ஒரு பூ. பருவத்துக்குத் தக்கபடி மாற்றுவார்கள். பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்க் கலையில் புகழ்பெற்ற ரிக்யூவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் தோட்டத்தில் பூத்துக் குலுங்கிய கொடிப்பூக்களைப் பார்க்க நாட்டை ஆண்ட ஹிடெயோஷி வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூ கூட இல்லை! கடுப்புடன் அறைக்குள் நுழைந்தால், மாடத்தில் ஒரே ஒரு பூ. அத்தனையும் பறித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தார் ரிக்யூ.

“நம் வெயிலுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?” என்று சந்தேகம் கிளப்பினார் என் கணவர். புதுச்சேரியிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீஅரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகள் ஜப்பானில் தொழில் நடத்திய ஆன்டனின் ரேமண்டின் திட்டம்; ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து வேலையை நடத்தியவர்களில் ஒருவர். 1937-ல் வேலை தொடங்கியது. சுவர் நெடுக, திருப்பி மூடத்தக்க சிமெண்டுப் பலகைகள். தேக்குச் சட்டங்கள் இடைவெளி விட்டுப் பொருத்திய தள்ளுகதவுகள். காற்று வரும், பிறர் பார்வை வராது. அறைக்குள் அவசியமான சாமான்கள் மட்டுமே.

மாமியாரின் நாற்காலி

எல்லாம் சரி, மாமியார் சம்மதிக்க வேண்டுமே! “வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? வெள்ளத்தில் போண்டியாகிவிட்டோம் என்றல்லவா நினைப்பார்கள்?” என்று கண் கலங்கினார். போதாததற்கு அவருக்கு முழங்கால் வலி. கீழே உட்கார்ந்தால் எழ முடியாது.

அழகுக்காகப் பெரியவர்களை வதைப்பது எந்த நாட்டு முறை? ஜப்பானிலேயே இன்று பல வீடுகளில் கட்டிலும் நாற்காலியும் வந்துவிட்டன. கைப்பிடி வைத்த உறுதியான மர நாற்காலி ஒன்று வாங்கினோம். அவருடைய சீர்ச் செம்பைத் துலக்கி, தேக்குப் பெட்டிமேல் வைத்து, ஒரு பூவைச் செருகினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், “காம்பு நீளமாக இருக்கிறதடி, கொஞ்சம் நறுக்கு” என்றார். அன்று முதல் பூ அவர் இலாகா!

செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு நாலு வார்த்தை. டாடாமியை வரவழைக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கனத்த பாய் பூஞ்சைக்கு விருந்து. பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப் பாயோ போதும். அவ்வப்போது காற்றாட உலர்த்துங்கள். ஷோஜி என்ற காகிதத் தட்டிக்குப் பதில் மூங்கில் தட்டியோ வெள்ளைக் கதர்த் திரையோ கட்டுங்கள். சுவருக்கு ஒரே வெளிர் நிறம். செருப்பு வாசலோடு நிற்கட்டும். முக்கியமாக, புதிதாக ஒன்று வாங்குமுன் பழையது ஒன்றை வெளியே அனுப்புங்கள்.

மழைக்காலம் வந்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் இனி ஆறு வந்தால் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, செம்பைக் கையில் எடுத்து, மாமியாரை அணைத்துப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடலாம். நாற்காலியைத் தூக்க என் கணவர் இருக்கிறார்!