தேயிலைப் பச்சையில் ஒரு சிவப்புப் பழம்

ஊவாவைப் படம்பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தில் நின்றே எடுக்கிறார்கள். ஹப்புத்தளை லிப்டன் சீட்டில் ஏறினால் சரிவு முழுவதும் தேயிலை. தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம், அதன்மேல் ரயில். லயத்து வாசலில் குலைகுலையாகத் தொங்கும் ஜம்புவும், வேலியில் படர்ந்த கொடித்தோடையும், வீட்டுத் தோட்டத்துக் கோப்பிப் பழமும் அந்தப் படங்களில் புள்ளியாகக்கூடத் தெரிவதில்லை. இந்த மண்ணில் மனிதர் வைத்து வளர்த்தவை அவை. அவற்றைப் படத்தில் கொண்டுவர, கிட்டப் போக வேண்டும்.

கிட்டப் போனால் என்ன நடக்கிறது? லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகப் பதிக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சென்சரில் சிறு வட்டமாக விரிகிறது. வட்டம் மிகச் சிறியதாக இருக்கும்வரை கண் அதைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும். பெரிதானால் மங்கல் தெரியும். கண் இப்படித் தெளிவென ஏற்றுக்கொள்ளும் தூர வீச்சுதான் புல ஆழம். லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை அகலத் திறந்தால் அது குறையும். ஆனால் காசு செலவில்லாத வழி நெருங்குவதுதான்: தூரம் பாதியானால் புல ஆழம் ஏறக்குறையக் காற்பங்காகிவிடும். முழுச்சட்டக் கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.8 இல் வைத்து, அரை மீற்றர் தூரத்திலிருக்கும் கொடித்தோடையை எடுத்தால், தெளிவாக விழுவது ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் ஆழம் மட்டுமே. பழத்தின் முன்வளைவும் அதன் சுருக்கங்களும் பளிச்சென்று நிற்க, பின்பாதி கரையத் தொடங்கும். துளையைச் சுருக்கி எஃப் 8 இல் வைத்தால் அதுவே 4 சென்ரிமீற்றரைத் தாண்டும்.

போனில் சென்சர் சிறியது, அதனால் புல ஆழம் கூடுதல். ஒரு மீற்றர் தள்ளி நின்றால் பழமும் பின்னாலுள்ள தேயிலைச் செடியும் சேர்ந்தே தெளிவாக விழும். 10 சென்ரிமீற்றருக்கு நெருங்கினால் அதே போனிலும் பின்னணி உண்மையாகவே மங்கும். சில போன்கள் இவ்வளவு நெருங்கியதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். புல ஆழம் மறுபடி கூடிவிடும். அந்த மாற்றத்தை நிறுத்திவைப்பது நல்லது. போர்ட்ரெயிட் முறை கணக்குப்போட்டுச் செய்கிற மங்கலை நான் பழத்துக்குப் பரிந்துரைக்கமாட்டேன். மெல்லிய காம்பு எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்பதில் அது அடிக்கடி தடுமாறுகிறது.

ஒரு தளத்தை மட்டும் தெளிவாக்கி மற்றதைக் கரையவிடும் இந்தக் கலை மலைநாட்டுக்குப் புதிதல்ல. அதற்காகவே லண்டன் விமர்சகர்களிடம் வசை வாங்கிய புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். தோட்டத் தொழிலாளர்களையும் கிட்ட நின்று படமெடுத்தார். 1879 இல் டிக்கோயாப் பக்கம் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவர் வந்தபோது மலைநாட்டின் பெரும்பயிர் கோப்பிதான். 1869 இல் வந்த இலைத்துரு நோய் அதைத் தின்றுகொண்டிருந்தது. கோப்பிப் பழத்தின் சிவப்பை மட்டும் அவருடைய தட்டு பிடித்திருக்க முடியாது. அந்தத் தட்டில் பூசிய ஈரக் கொலோடியனுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்புப் பழமும் பச்சை இலையும் அதில் ஒன்றுபோலக் கறுத்துவிடும்.

தட்டுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியும். நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புக் கலங்கள் உண்டு. அவை ஏறத்தாழ 420, 530, 560 நனோமீற்றர் ஒளிக்கு மிகக் கூடுதலாகத் தூண்டப்படும். கடைசி இரண்டின் வித்தியாசத்தைத்தான் நரம்புகள் சிவப்பு, பச்சை என்று பிரித்துச் சொல்கின்றன. இலைகளுக்கிடையே பழுத்ததைக் கண்டுபிடிக்கவே இந்தத் திறன் குரங்கினத்தில் வளர்ந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. தோட்டத்துப் பழத்தைத் தேடிவரும் குரங்குக்கும் இதே மூவண்ணப் பார்வைதான். பச்சைக்கு நடுவே சிவப்பை வைத்தால் பார்வை தானாக அங்கே போவது இதனால்தான். 1839 இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் விளக்கியதுபோல, பக்கத்திலிருக்கும் பச்சை அந்தச் சிவப்பை இன்னும் சிவப்பாகக் காட்டும்.

ஆனாலும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எடுத்த படத்தைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பழம் இலைக்குள் மறைந்துவிட்டால், நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று என்று பொருள். முற்றிய தேயிலை இலை கரும்பச்சை. அதன் முன்னே மஞ்சள் கொய்யா எடுப்பாக நிற்கும். இளங்கொழுந்து வெளிர்பச்சை, அதற்கு அடர்சிவப்பு மரத்தக்காளி பொருந்தும். இன்னொன்று: சட்டம் முழுவதும் பச்சை நிரம்பினால், தானியங்கி வெண்சமநிலை அதை ஈடுகட்டப் படத்தை இளஞ்சிவப்புப் பக்கம் தள்ளிவிடும். வெண்சமநிலையை நீங்களே நிழலுக்கோ வெயிலுக்கோ பூட்டிவையுங்கள்.

ஊவாவிலேயே இதற்கு மிக நல்ல பழம் பிபிலைத் தோடம்பழம். குளிர்ந்த இரவுகள் இருந்தால்தான் தோடம்பழத் தோலின் பச்சையம் சிதைந்து செம்மஞ்சள் வெளிப்படும். மொனராகலைப் பக்கத்து வெப்பத்தில் அது நடப்பதில்லை. இனித்துப் பழுத்த பின்பும் தோல் பச்சையாகவே இருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே மஞ்சள். வெளிச்ச வேறுபாடு தேடி வேறெங்கும் போக வேண்டாம். வெட்டாத பழமொன்றைப் பின்னால் தள்ளிவைத்து, வெட்டுமுகத்தைக் கமராவுக்கு நேர் இணையாக நிறுத்துங்கள். தெளிவாக விழும் தளம் தட்டையானது என்பதால், அபெர்ச்சர் முழுக்கத் திறந்திருந்தாலும் சுளைகள் எல்லாமே ஒருசேரத் தெளியும். பின்னாலுள்ள பச்சைப் பழம் மட்டும் மங்கும்.