சுடுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம்

'டாப் கன்' படத்தை வைத்து வந்த வீடியோ கேம்கள் வான்வெளிச் சண்டையைக் காட்டி விற்றன. விளையாடியவர்கள் மறக்காமல் வைத்திருப்பதோ கப்பலில் இறங்கும் சில விநாடிகளை.

எதிரி விமானங்கள் எல்லாம் விழுந்தாயிற்று. ஏவுகணைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. இனி வீடு திரும்ப வேண்டியதுதான் பாக்கி. டி.வி. திரையில் நீலக் கடல். தூரத்தில் சிறு புள்ளியாக ஒரு கப்பல். உயரம் 200, வேகம் 288 இருக்கட்டும் என்கிறது திரை. மேலே, கீழே, இடது, வலது, வேகத்தைக் கூட்டு, குறை என்று கட்டளைகள் விடாமல் வந்து விழுகின்றன. சிறுவனின் கட்டைவிரல் ஈடுகொடுக்கப் பார்க்கிறது. ஒரு விநாடி தாமதம். அவ்வளவுதான். விமானம் கடலில். கையிலிருந்த விமானங்களில் ஒன்று போயிற்று.

ஜப்பானின் கோனாமி நிறுவனம் நின்டென்டோ பெட்டிக்காக 1987ல் வெளியிட்ட 'டாப் கன்' விளையாட்டின் காட்சி இது. அமெரிக்காவில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களிடம் அதன் பெயரைச் சொன்னால் போதும். சண்டையைப் பற்றிப் பேசமாட்டார்கள். கப்பலில் இறங்க முடியாமல் தவித்த கதையைத்தான் சொல்வார்கள். 'வீடியோ கேம்களில் மகா கடினமான கட்டங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தக் கப்பல் அதில் இடம்பிடித்துவிடுகிறது.

எல்லாம் ஒரு படத்திலிருந்து ஆரம்பித்தது. டோனி ஸ்காட் இயக்கத்தில் டாம் குரூஸ் நடித்த 'டாப் கன்' 1986 மே மாதம் வெளியானது. 1983ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்த கட்டுரைதான் அதற்கு மூலம். வியட்நாம் போரில் எதிர்பார்த்தபடி எதிரி விமானங்களை வீழ்த்த முடியாததால் அமெரிக்கக் கடற்படை 1969ல் கலிபோர்னியாவின் மிராமரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. வான்வெளிச் சண்டையில் தேர்ந்தவர்களை மேலும் தேற்றி அனுப்புவது அதன் வேலை. அந்தப் பள்ளியின் செல்லப் பெயர்தான் டாப் கன்.

படத்துக்குக் கடற்படை தன் கப்பலையும் விமானங்களையும் கொடுத்தது. பறந்த நேரத்துக்குத் தயாரிப்பாளர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டது. திரைக்கதையிலும் சில மாற்றங்களைச் செய்யவைத்தது. ஆள் சேர்ப்பு அதிகாரிகள் தியேட்டர் வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்த ஊர்களும் உண்டு.

கேம் நிறுவனங்களுக்கு அந்த வசதி ஏதும் இல்லை. கையிலிருந்தது சில கிலோபைட் நினைவகம் மட்டும். இங்கிலாந்தின் ஓஷன் நிறுவனம் படம் வந்த அதே ஆண்டில் ஸ்பெக்ட்ரம், கொமடோர் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்ட கேமில் விமானங்கள் வெறும் கோட்டுச் சித்திரங்கள். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் மோதிக்கொள்ளலாம். கோனாமியின் கேமிலும் காதல் இல்லை, மோட்டார் பைக் இல்லை, கடற்கரை வாலிபால் இல்லை. ஹவுண்ட், வுல்ஃப், டைகர் என்ற மூன்று வகை ஏவுகணைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மொத்தம் நான்கு கட்டங்கள்.

படத்தின் பெயரை வாங்காமலே அதன் போதையைப் பிடித்துக்கொண்டது இன்னொரு ஜப்பானிய நிறுவனமான செகா. யூ சுசுகி உருவாக்கிய 'ஆஃப்டர் பர்னர்' 1987ல் வீடியோ கேம் பார்லர்களுக்கு வந்தது. படத்தில் வரும் அதே எஃப்-14 டாம்கேட் விமானம். ஆடுபவர் உட்காரும் இருக்கையே விமானத்தோடு சேர்ந்து சாய்ந்தது, சுழன்றது. ஆனால் ஒரு சலுகை உண்டு. இறங்க வேண்டிய நேரம் வந்தால் விமானம் தானாகவே இறங்கிவிடும். ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் போதும்.

படத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குக் கோனாமியின் கொடுமை நியாயமாகவே படும். படத்தின் முதல் நெருக்கடியே இறங்குவதுதான். எதிரியைக் கண்டு நிலைகுலைந்த கூகர் என்ற விமானி கப்பலுக்குத் திரும்ப முடியாமல் உறைந்துபோகிறான். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும்போதும் மாவெரிக் திரும்பிப்போய் அவனை வழிகாட்டி இறக்குகிறான். கூகர் அன்றே பறப்பதை விட்டுவிடுகிறான்.

நிஜத்திலும் கதை இதேதான். பெரிய அமெரிக்கக் கப்பலின் மேல்தளம் சுமார் 330 மீட்டர் நீளம். அதில் இறங்கக் கிடைப்பது ஒரு பகுதி மட்டுமே. தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் எஃகுக் கம்பிகளில் ஒன்றை விமானத்தின் வால் கொக்கி பிடிக்க வேண்டும். பிடித்தால் இரண்டு மூன்று விநாடிகளில் விமானம் நிற்கும். பிடிக்காவிட்டால்? அதற்காகத்தான் சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி இன்ஜினின் முழு வேகத்தையும் கொடுக்கிறார். நிற்க வேண்டிய இடத்தில் பறக்கத் தயாராவது! வியட்நாம் போர்க்காலத்தில் விமானிகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். குண்டு வீசும் நேரத்தை விட, கப்பலிலிருந்து கிளம்பும்போதும் அதில் இறங்கும்போதும்தான் துடிப்பு அதிகம் இருந்தது.

1994 அக்டோபர் 25 அன்று சான் டியாகோ கடலோரத்தில் 'ஆபிரகாம் லிங்கன்' கப்பலை நெருங்கிக்கொண்டிருந்தது ஓர் எஃப்-14. ஓட்டியவர் காரா ஹல்ட்கிரீன், வயது 29. கப்பலிலிருந்து இயங்கும் அமெரிக்கப் போர் விமானத்துக்கு விமானியான முதல் பெண். இடது இன்ஜின் செயலிழந்தது. விமானம் சாய்ந்து புரண்டது. பின்னால் இருந்த அதிகாரி முதலில் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வெளியேறிய காரா பிழைக்கவில்லை. அப்போது சுற்றிலும் எதிரி யாரும் இல்லை.

படமும் ஓர் உயிரை வாங்கியிருந்தது. சாகச விமானி ஆர்ட் ஷோல் 1985ல் படத்துக்காகச் சுழல் காட்சி ஒன்றை எடுக்கும்போது பசிபிக் கடலில் விழுந்து இறந்தார். படம் அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டது. கதையில் மாவெரிக்கின் நண்பன் கூஸ் சாவதும் சுழலில் சிக்கிய விமானத்திலிருந்து வெளியேறும்போதுதான். இந்தச் சாவுகளுக்கெல்லாம் கேமில் ஒரே கணக்குதான்: கையிருப்பில் ஒரு விமானம் குறைவு.

எதிரி யார் என்பதிலும் படமும் கேமும் பிரிந்தன. படத்தில் எதிரிக்கு நாடு கிடையாது. 'மிக்-28' என்று அதில் சொல்லப்படும் விமானமும் உலகில் கிடையாது. கறுப்பு வண்ணம் அடித்த அமெரிக்க எஃப்-5 விமானங்களே அந்த வேஷத்தைப் போட்டன. 1996ல் கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷனுக்கும் வந்த 'டாப் கன்: ஃபயர் அட் வில்' அந்தத் திரையை விலக்கிவிட்டது. கியூபா, வடகொரியா, லிபியா என்று நிஜ நாடுகளே சண்டைக் களங்கள். டாம் குரூஸ் இல்லை. படத்தில் மாவெரிக்கை விளாசும் தளபதியாக வந்த ஜேம்ஸ் டோல்கன் மட்டும் கேமிலும் நடித்தார். சோவியத் யூனியன் மறைந்துவிட்டிருந்த காலம். கேமுக்கு எதிரி தேவைப்பட்டது. வரைபடத்தைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டார்கள்.

இந்தியாவுக்கும் இதெல்லாம் அந்நியமல்ல. தொண்ணூறுகளில் இங்கே நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த 'டி.வி. கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டென்டோவின் நகல்கள். பிறகு இந்திய விமானப் படையே 2019 ஜூலையில் 'எ கட் அபவ்' என்ற மொபைல் கேமை வெளியிட்டது. இளைஞர்களைப் படையின் பக்கம் ஈர்ப்பதே நோக்கம். தியேட்டர் வாசலில் இருந்த மேஜை இப்போது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

ஆனால் இறங்குவதன் அருமை தெரிந்தது கடற்படை விமானிகளுக்கு. உள்நாட்டில் உருவான தேஜஸின் கடற்படை வடிவம் கோவாவின் தரைத்தளத்தில் பலமுறை கம்பி பிடித்துப் பழகிய பிறகே, 2020 ஜனவரி 11 அன்று 'விக்ரமாதித்யா' கப்பலில் முதல்முறையாக இறங்கியது. ஓட்டியவர் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர். நாடே கொண்டாடிய அந்தச் சாதனையில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

டாம்கேட்டின் கதையும் முடிந்தது. அமெரிக்கக் கடற்படை 2006 செப்டம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்தது. 1979 புரட்சிக்கு முன் ஈரான் வாங்கியிருந்த 79 விமானங்களுக்கு உதிரிப் பாகம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று ஓய்வுபெற்ற விமானங்கள் பலவற்றைத் தூள் தூளாக்கினார்கள். நொறுக்கியது போக மிஞ்சிய சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. இளைஞர்கள் அதை ஓட்டிப் பார்க்க ஒரே வழி கேம்.

2022 மே மாதம் 'டாப் கன்: மாவெரிக்' வந்தபோது கூடவே இரண்டு கேம்களில் படத்தின் பெயரில் கூடுதல் பகுதிகள் வந்தன. 'ஏஸ் காம்பாட் 7'ல் காசு கொடுத்து டாம்கேட்டை வாங்கிச் சண்டை போடலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் வந்த பகுதி இலவசம். அதில் சூப்பர் ஹார்னட் விமானம் உண்டு. சுட ஆயுதம் கிடையாது. பள்ளத்தாக்கில் தாழப் பறக்கலாம். பிறகு கப்பலில் இறங்கிக் காட்ட வேண்டும்.

புதிய படத்தின் முடிவும் அங்கேதான் போய் நிற்கிறது. பழைய டாம்கேட் ஒன்றில் தப்பி வரும் மாவெரிக், கொக்கியும் முன்சக்கரமும் இல்லாமல் கப்பலின் வலையில் வந்து விழுகிறார். 35 ஆண்டுகளுக்கு முன் கட்டைவிரல் வலிக்க அதே கப்பலைத் துரத்தியவர்கள் தியேட்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. உயரம் 200, வேகம் 288. அவர்களுக்குத் தெரியும்.