உடம்பே படகு! நீச்சலில் தேர்ச்சி பெறுவது எப்படி?

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு சவாரி செய்யாமல் திரும்புவது அபூர்வம். 1863-ம் ஆண்டில் லெவிஞ்சு என்ற வெள்ளைக்கார அதிகாரி உண்டாக்கிய ஏரி அது. அங்கே படகில்தான் போகலாம், நீந்தக் கூடாது. ஆனால், நீந்த விரும்புகிறவர்கள் அந்தப் படகைப் பார்த்து ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாம்.

படகு நீளமாக, தண்ணீர் மேல் படுத்தபடி இருக்கிறது. துடுப்பை ஒரு முறை வலித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அதன் பின்பக்கத்தில் பாரம் ஏறினால்? பின்பக்கம் அமிழும். எவ்வளவு வலித்தாலும் வேகம் வராது.

மனித உடம்பும் அப்படித்தான்!

தலையைத் தூக்காதே!

பழனி மலை அடிவாரத்துக் கிராமங்களில் பிள்ளைகள் கிணற்றில் நீந்திப் பழகுவார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். சில நாட்களில் பயம் போய்விடும். மிதக்கவும் வந்துவிடும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். தலையை உயரத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை அடித்து அடித்துக் களைத்துப் போகிறார்கள்.

காரணம் என்ன? தலை தூக்கினால் கால் அமிழும். தண்ணீர், காற்றைப்போல் சுமார் 800 மடங்கு அடர்த்தி உள்ளது. அமிழ்ந்த கால், இழுத்துப் பிடிக்கும் நங்கூரம் போல் ஆகிவிடும்.

ஒரு நாள், ஒரு குறை!

தினமும் நீந்தினால் மட்டும் போதாது. தவறாகவே நீந்தினால், தவறுதான் பழகும். குறையைக் கண்டுபிடித்து, அதை மட்டும் திருத்திப் பழக வேண்டும். இசைக் கலைஞர்களை ஆராய்ந்த எரிக்சன் என்ற அறிஞர், 1993-ல் வலியுறுத்தியதும் இதைத்தான்.

முதலில் தலை. முகத்தைத் தண்ணீரில் வைத்து, அடித்தரையைப் பாருங்கள். கால் தானே மேலே வரும்.

அடுத்தது மூச்சு. தண்ணீருக்குள் மெல்ல மூச்சை விடுங்கள். பக்கவாட்டில் தலையைத் திருப்பி மூச்சை வாங்குங்கள்.

பிறகு கை. நீச்சல் குளத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக, எத்தனை முறை கையை வீசினீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் தேர்ச்சி! கரையில் ஒருவர் நின்று பார்த்துக் குறை சொன்னால் இன்னும் நல்லது. களைத்ததும் நிறுத்திவிடுங்கள். களைப்பில்தான் பழைய தவறு திரும்பி வரும்.

பன்னிரண்டு வயதுச் சாதனை

1966-ல் மிகிர் சென் என்ற வங்காள வீரர் ஒரே ஆண்டில் 5 கடற்பகுதிகளை நீந்திக் கடந்தார். 1994-ல் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன், ஒரே ஆண்டில் 6 கடற்பகுதிகளைக் கடந்து அந்தச் சாதனையை முறியடித்தார். பாக் நீரிணையைக் கடந்தபோது அவருக்கு வயது 12! அந்த வயதில் பெரியவர்களின் புயபலம் ஏது? பயிற்சிதான் பலம்! 1996-ல் அவருக்கு அர்ச்சுனா விருது கிடைத்தது.

எங்கே பழகுவது?

கோடை மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், பெரியகுளம் அருகே கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. பார்க்க அழகு, ஆனால் பாறை வழுக்கும். மழைக் காலத்தில் திடீரென்று வெள்ளமும் வரும். குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் மூச்சுத் திணறும். அங்கெல்லாம் நீச்சல் பழகக் கூடாது.

ஆழம் குறைந்த நீச்சல் குளத்தில், நன்றாக நீந்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கப் பழகுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள்.

தண்ணீரில் தவறி விழுந்தவனைக் காப்பது ஆவேசம் அல்ல. பதறாத மூச்சும், பழகிய கையும்தான்!