ஊர் மாறாத நீலத் திமிங்கிலம்

பாண்டிருப்புக் கடற்கரை வீதிக்கு அண்மையில் எமது மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம். சேமிப்புக் கணக்குகளைப் பதிந்து முடித்துத் தேநீர் ஊற்றும் வேளையில் ஒரு தாய் மெதுவாகக் கேட்டார்: "மிஸ், எங்கட மனிசன் ஆழ்கடல்ல ஒரு மலை மூச்சு விட்டதக் கண்டவராம். தென்னம்பிள்ளை உசரத்துக்குத் தண்ணி ஊதினதாம். எஞ்சின நிப்பாட்டிப்போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டவராம். அது என்ன மிஸ்?"

"யூனுஸ் நபிய விழுங்கின மீனாக்கும்" என்றார் மருதமுனையிலிருந்து வந்திருந்த சகோதரி. எல்லோரும் சிரித்தார்கள். "அது மீனில்ல, பால் குடுக்கிற சாதி எண்டு என்ட மகள் படிச்சவள்" என்றார் இன்னொருவர். முதலில் கேட்டவர் விடவில்லை. "அது எங்கட கடல்லயே இருக்கிறதா, இல்லாட்டி வழியில வந்ததா?"

சமூகவியல் படித்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. தேடி வாசித்தபோதுதான், அவர் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று விளங்கியது.

உலகின் பிற பெருங்கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை கோடையில் துருவப் பகுதிகளின் குளிர்நீரில் உண்டு கொழுத்து, குட்டி ஈனுவதற்கு வெப்பக் கடலுக்கு வருபவை. இலங்கையைச் சூழவுள்ளவை அப்படியல்ல. அவை வட இந்து சமுத்திரத்தின் வெதுவெதுப்பான நீரிலேயே உண்டு, இணைந்து, குட்டி போட்டு வளர்க்கின்றன. அரபிக் கடலுக்கும் எமது கடலுக்கும் இடையே நடமாடினாலும் துருவத்துக்குப் போவதில்லை. ஆகவே அந்தத் தாய்க்குரிய பதில்: அது வழியில் வந்தது அல்ல, எமது கடலில் வாழ்வதுதான்.

இன்னொரு புதுமையும் உண்டு. இதன் வாயில் பல் கிடையாது. சீப்புப் போன்ற தகடுகளால் நீரை வடித்துவிட்டுச் சிற்றுயிர்களை விழுங்கும். குளிர்க் கடல்களில் அதன் உணவு 'கிரில்' எனப்படும் உயிரினம். எமது கடலிலோ, அதன் சாணத்தை ஆராய்ந்து 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, பெரும்பாலும் உண்பது கூனியின் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு இறால்களையே. நாம் சம்பல் இடிக்கிறோமே, அந்தக் கூனியின் உறவுதான்! உலகிலேயே மிகப் பெரிய உயிரினம் அதை உண்டு வாழ்கிறது.

இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொழும்பில் வளர்ந்த ஆஷா டி வொஸ் 2003 ஆம் ஆண்டு 'ஒடிசி' என்ற ஆய்வுக் கப்பலில் பணியாற்றியபோது நீலத் திமிங்கிலங்கள் ஒன்றுகூடி நின்றதையும், நீரில் மிதந்த செந்நிறச் சாணத்தையும் கண்டார். சாணம் என்றால் இங்கேதான் உண்கின்றன என்று பொருள் அல்லவா? அந்த ஒரு காட்சியே அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று.

தாய்மையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்த இனத்தில் பெண்ணே ஆணை விடப் பெரியது. தாய் ஏறத்தாழ ஓராண்டு சுமக்கிறாள். பிறக்கும்போதே குட்டி 7 மீற்றர் நீளம், இரண்டு மூன்று தொன் நிறை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லீற்றர் பால் குடிக்கும். வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலப் பரல் ஒன்று நிறையப் பால்! நாளுக்கு 90 கிலோகிராம் வரை நிறை கூடும். ஆறேழு மாதத்தில் பால் மறக்கும். ஆனால் அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். எனவே ஒரு தாய் இறந்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் எடுக்கும்.

இழப்போ மிகப் பெரியது. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காகத் தென்துருவக் கடலில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 1966 இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இவ்வினத்தை வேட்டையாடத் தடை விதித்தது. ஆயினும் அந்த 1960களிலேயே சோவியத் கப்பல்கள் ஏடன் வளைகுடா முதல் மாலைதீவு, இலங்கைப் பக்கம் வரை 1,200க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றதும், உண்மைக் கணக்கை மறைத்ததும் சோவியத் சிதறிய பின்னரே வெளியாயின. 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று உலகம் முழுவதிலும் எஞ்சியிருப்பவை 10,000 முதல் 25,000 வரை எனக் கணிக்கப்படுகிறது.

1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற சிறிய பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் எமது கிழக்கில், திருகோணமலைக் கடலில், இவற்றைக் கண்டு உலகுக்கு எழுதினார்கள். பின்னர் யுத்தம் வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக எமது கடலில் மீன்பிடிக்கே தடையும் பாஸும் இருந்த காலத்தில் திமிங்கிலத்தை யார் பார்ப்பது? இடையில் 2004 டிசம்பர் 26. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு கடலுக்கு முதுகு காட்டி உட்காரும் பெண்கள் எமது சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கடலுக்குள் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்று அவர்களுக்குச் சொல்வதே எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது.

இப்போது ஈட்டி எறிபவர் இல்லை. கப்பல்தான் எமன். தெற்கே தேவேந்திர முனைக்கு அப்பால் உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளுள் ஒன்று ஓடுகிறது. நாளொன்றுக்கு நூறளவிலான கப்பல்கள். திமிங்கிலங்கள் உணவுக்குக் கூடும் இடமும் அதுவே. கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கிலம் விரைந்து விலகுவதில்லை, மெதுவாகச் சற்றே அமிழும், அவ்வளவுதான்.  2012 இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று சிக்கித் தொங்கியது.

பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் வரை குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். துறைமுக வருமானம் குறையும் என்ற பயத்தால் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் எவரும் கட்டாயப்படுத்தாமலே தன் கப்பல்களைத் தெற்கே திருப்பியது. ஒரு நிறுவனத்தால் முடிந்தது மற்றவற்றால் முடியாதா?

இது திமிங்கிலத்துக்கு மாத்திரமான வழக்கல்ல, சகோதரிகளே. இதே பாதையில் பலநாட் படகுகளும் செல்கின்றன. இரவில் வலை விட்டு உறங்கும் படகைப் பெருங்கப்பலின் மேல்தளத்திலிருந்து காண்பது எளிதல்ல. பாதை விலகினால் எமது ஆண்களுக்கும் ஆபத்து குறையும். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு மண்டபத்துக்கு வெளியே நின்று செவி கொடுப்பதோடு நிற்காமல், இதையும் ஒரு கோரிக்கையாக எழுதுவியுங்கள்.

வலையும் பிளாஸ்டிக்கும் மற்ற ஆபத்துகள். அறுந்து மிதக்கும் வலை பல ஆண்டுகள் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று இறந்த யானைகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கடலில் நடப்பதைப் படம் பிடிக்க ஆளில்லை. நீலத் திமிங்கிலம் நாளொன்றுக்கு ஒரு கோடி நுண்துகள்கள் வரை விழுங்கக்கூடும் என்று கலிபோர்னியக் கடலில் செய்து 2022 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

கரை ஒதுங்கினால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் கரைக்கு வந்தபோது கடற்படையினரும் ஊர்மக்களும் விடியும்வரை நீரில் நின்று அவற்றைத் தள்ளிவிட்டார்கள். ஒரு சில தவிர எல்லாம் பிழைத்தன. வாலைக் கயிற்றால் கட்டி இழுக்கக்கூடாது. தலைமேலுள்ள மூச்சுத் துளையை மூடாமல் ஈரத் துணி போட்டு நனைத்தபடி இருக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிப் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். கடற்படைக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ உடனே சொல்லுங்கள். எமது சட்டத்தில் இது பாதுகாக்கப்பட்ட உயிர்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். கேள்வி கேட்ட அந்தத் தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பக்கத்தில சின்னதா ஒண்டு ஒட்டிக்கொண்டு போனதாம் மிஸ். அவர் அதச் சொன்னவர், நான்தான் உங்களுக்குச் சொல்ல மறந்திற்றன்" என்றார்.