மகள் அறை மட்டும் ஏன் குளிருது?

இங்கிலாந்தில் எங்க வீட்டில் மொத்தம் ஒன்பது ரேடியேட்டர். போன டிசம்பரில் எட்டு அறையும் 20 டிகிரிக்கு மேல இருக்க, மாடிக் கோடியில் மகள் தூங்கற அறை மட்டும் 15-ஐத் தாண்டல. பார்க்க வந்த பிளம்பர் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிட்டார்: "குழாய் முழுக்க சகதி. பவர்ஃப்ளஷ் பண்ணணும். 650 பவுண்டு." ஒரு குழாயைக்கூட அவர் தொட்டுப் பார்க்கலையே என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

பெரும்பாலான வீடுகளில் அமைப்பு இதுதான். பாய்லரிலிருந்து 22 மி.மீ. செப்புக்குழாயில் சுடுதண்ணீர் கிளம்பும். அதிலிருந்து 15 மி.மீ. கிளைகள் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் போகும். இன்னொரு குழாய் வழியா ஆறின தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும். ரேடியேட்டரின் ஒரு முனையில் எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு. மறுமுனையில் வெறும் பிளாஸ்டிக் மூடி, அதற்குள்ளே இன்னொரு வால்வு. லாக்‌ஷீல்ட் என்று பேர். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை.

எந்த இடம் குளிருது என்பதே பாதி பதில். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே வாயு தேங்கியிருக்கு, சின்ன சாவியால் திறந்து விட்டால் போச்சு. அடிப்பக்கம் நடுவில் மட்டும் குளிர்ந்தால் சகதி. முழுசா குளிர்ந்திருந்தால் குழாயைத் தொட்டுப் பாருங்க. வால்வு வரைக்கும் குழாய் சுட்டு, அதற்கப்புறம் ஜில்லுன்னு இருந்தால் தெர்மோஸ்டாட் தலைக்கு அடியில் இருக்கற ஊசி சிக்கியிருக்கும். தலையைக் கழற்றி ஊசியை மெதுவா அமுக்கினால் அது திரும்ப மேலே எழும்பணும். எங்க வீட்டில் இது எதுவும் இல்லை. குழாயே வெதுவெதுப்புதான். அப்போ தண்ணீரே போதுமான அளவு வரலை.

அடைப்பா, இல்லை வேறு யாராவது தண்ணீரைப் பிடிச்சுக்கறாங்களா? ஆபீசில் சர்வர் மெதுவானால் செய்யற அதே சோதனைதான். மற்ற எட்டையும் மூடினேன். பாய்லர் நின்னு நின்னு எரியும், கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை. பத்தே நிமிஷத்தில் மகள் அறை ரேடியேட்டர் கை வைக்க முடியாத அளவு சுட்டது. அடைப்பு இல்லை.

அப்புறம்தான் உறைச்சது. கோடையில் சுவருக்குக் காகிதம் ஒட்ட ஹால் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டினவன் நான்தான். மாட்டும்போது லாக்‌ஷீல்டை முழுசாத் திறந்து விட்டேன், "நல்லா வரட்டும்"னு. ஹால் பாய்லருக்குப் பக்கம். தடை குறைந்த வழி கிடைச்சதும் தண்ணீர் அங்கேயே சுற்றித் திரும்பிடுது. கோடியில் இருக்கறவளுக்கு மிச்சம்தான். கழற்றும் முன் லாக்‌ஷீல்டை மூட எத்தனை சுற்று ஆகுதுன்னு எண்ணி, அதே அளவு திறந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

உண்மையில் ஒரு ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் வேணும்? கணக்குப் போட்டேன். 1.5 கிலோவாட் ரேடியேட்டர், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 1 லிட்டர். ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான்! அதனால் பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு லாக்‌ஷீல்ட் கால் சுற்று, அரைச் சுற்று திறந்தாலே போதும்.

ஒரு சனிக்கிழமை முழுக்க இதே வேலை. எல்லா தெர்மோஸ்டாட்டையும் முழுசாத் திறந்து, இரண்டு குழாயிலும் கிளிப் தெர்மாமீட்டர் மாட்டி, ஹாலில் ஆரம்பிச்சேன். கொஞ்சம் திருகு, கால் மணி நேரம் காத்திரு, திரும்பப் பாரு. அவசரப்பட்டால் எண்கள் பொய் சொல்லும். பழைய பாய்லர்களுக்கு 11 டிகிரி வித்தியாசம் வெச்சு சமன் செய்வாங்க. கண்டென்சிங் பாய்லருக்கு 20 நல்லது. திரும்பற தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் சரியாப் பிடிக்கும். ஆக கேஸ் பில்லும் கொஞ்சம் குறையும்.

பிளம்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. திறந்து விட்டபோது வந்த தண்ணீர் லேசாக் கறுப்பு. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் இரும்பு அரிச்சால் மேக்னடைட் என்ற கறுப்புப் பொடியும் ஹைட்ரஜனும் வரும். அடிக்கடி "காற்று" எடுக்க வேண்டியிருந்தால் அது காற்றாகவே இல்லாமல் இருக்கலாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அழுத்தம் குறையுதுன்னு வாராவாரம் புதுத் தண்ணீர் சேர்ப்பதும் தப்பு. புது ஆக்சிஜன் உள்ளே போய் அரிப்பு கூடும். முதலில் கசிவைத் தேடணும். ஆறின நிலையில் 1 முதல் 1.5 பார் சரியான அளவு. நான் அரிப்புத் தடுப்பு மருந்து ஒரு பாட்டில் ஊற்றினேன். பாய்லர் மூடியை மட்டும் தொடலை. அது கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் வேலை.

ராத்திரி எட்டு மணிக்கு மகள் அறை 19.5. ஹால் ரேடியேட்டர்தான் இப்போ லேசா "உஸ்"ங்குது, ரொம்ப இறுக்கிட்டேன் போல. ஒன்பது மூடிக்குள்ளும் எத்தனை சுற்று என்று பென்சிலில் எழுதி டேப் ஒட்டி வெச்சிருக்கேன்.